தனித்தட்டில் வைத்த கத்தி

என்றும் என் அன்புக்கும் மரியாதைக்கும் உரிய அப்பா,

முதலில் ஒன்றைத் திருத்திவிட்டு மேலே எழுதுகிறேன். உங்கள் மகளுக்கு நினைவு தடுமாறிவிட்டதாம். கண்காட்சிக்குத் தானே கொடுத்த கத்தியைத் தொடக்க விழா அன்றே திருப்பிப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாளாம். சிராங்கூன் சாலையில் இப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். பூக்கடையில் நின்றபோது என் காதிலேயே விழுந்தது. எனக்கு எண்பத்தைந்து வயது. முழங்கால் சரியில்லை. இடது கண்ணில் புரை எடுத்தாயிற்று. நினைவுக்கு ஒன்றும் ஆகவில்லை. கொடுத்தது நினைவிருக்கிறது, திரும்ப வாங்கியது நினைவிருக்கிறது. கிட்டத்தட்ட அறுபது வருடமாக நான் யாரிடமும் சொல்லாத ஒன்றும் நினைவிருக்கிறது. தொல்லையே அதுதான்.

வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமைதான் எழுதுகிறேன். கான்வென்டில் தமிழ் கிடையாது என்பதால், வாரம் ஒரு கடிதம் உங்களுக்குத் தமிழில் எழுத வேண்டும் என்று சட்டம் வைத்திருந்தீர்களே. ஒரே வீட்டில் இருந்துகொண்டு அப்பாவுக்குக் கடிதம் எழுதிய பெண் சிங்கப்பூரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். எழுதிச் சாப்பாட்டு மேசையில் வைப்பேன். நீங்கள் சிவப்புப் பென்சிலால் பிழை திருத்தி, பின்பக்கத்தில் பதில் எழுதி, என் புத்தகப் பையில் செருகிவிடுவீர்கள். "உன் ஒற்றெழுத்துகள் எல்லாம் இந்த வாரம் லீவில் போயிருக்கின்றன" என்று ஒருமுறை எழுதியிருந்தீர்கள். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதனால்தான் எனக்குத் தெரிந்தவரை இந்தக் கடிதத்தில் பிழை விடவில்லை. வேறு பிழையைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்குக் கத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு சாணுக்குக் கொஞ்சம் அதிக நீளம். தோல் உறை. கருத்துப்போன மரப்பிடி. பிடியில் மூன்று ஆணிகள். மேலும் கீழும் பித்தளை, நடுவில் இரும்பு. சண்டைக்காலத்தில், இந்தியாவின் விடுதலைக்காக இங்கே திரட்டிய படையில் சேர்ந்து பர்மாவுக்குப் போனவர் என் அப்பா. போகும்போது எனக்கு மூன்று வயது. திரும்பி வந்தபோது அவர் இடுப்பில் இருந்தது இந்தக் கத்தி.

பிறகு துறைமுகத்தில், சரக்கு மூட்டைகளை வைக்கும் கிட்டங்கிக்குக் காப்பாளராக வேலை பார்த்தீர்கள். ஒவ்வோர் ஆயுத பூசைக்கும் உங்கள் சாவிக்கொத்து, அம்மாவின் அரிவாள்மனை, தையல் இயந்திரத்தின் ஊசிப் பெட்டி, என் பேனா எல்லாவற்றையும் ஒரே பெரிய தாம்பாளத்தில் வைத்துப் பொட்டிடுவீர்கள். கத்திக்கு மட்டும் தனித்தட்டு. தனி வெற்றிலை, தனி எலுமிச்சம்பழம், தனிக் கிண்ணத்தில் பொரிகடலை.

"ஏம்பா அதுக்கு மட்டும் தனியா?" என்று கேட்டேன்.

"அது விருந்தாளிம்மா. நம்ம பொருளோட சேர்க்கக் கூடாது. ஒருத்தி வருவா. வந்தா கையில குடுத்திடணும்."

எட்டு வயதில் கேட்டேன். பத்து வயதில் கேட்டேன். ஒவ்வொரு முறையும் இதே பதில். ஆகவே எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது.

ஆனால் கான்வென்டில் நான் சொன்னது வேறு. அங்கே டாக்டர் மகள், மாஜிஸ்திரேட் மகள் என்று உட்கார்ந்திருப்பார்கள். "உங்க அப்பா கிட்டங்கியில் மூட்டை எண்ணுகிறவர்தானே?" என்று ஒருத்தி ஆங்கிலத்தில் கேட்டாள். வகுப்பே சிரித்தது. அன்றுதான் கத்தியை எடுத்து நீட்டினேன், வாயால். என் அப்பா பர்மாக் காட்டில் ஏந்திய கத்தி, அதன் பெருமைக்கு எங்கள் வீட்டில் தனித்தட்டு வைத்துக் கும்பிடுகிறோம் என்றேன். அதையே கட்டுரையாக எழுதினேன். சிஸ்டர் பரிசு கொடுத்து, பிரார்த்தனைக் கூட்டத்தில் படிக்கச் சொன்னார். அந்தக் கட்டுரையை மட்டும் உங்களிடம் காட்டவில்லை. காட்டியிருந்தால் சிவப்புப் பென்சிலை எந்த வரியில் வைத்திருப்பீர்கள், அப்பா?

முத்தையா என்ற பெயரை நீங்கள் விழித்திருக்கும்போது சொல்லி நான் கேட்டதில்லை. பர்மாவிலிருந்து உங்களோடு வந்த மலேரியா வருடத்துக்கு இரண்டு தடவையாவது தலைகாட்டும். போர்வைக்குள் நடுங்கிக்கொண்டே, "முத்தையா, எந்திரி. நட. இன்னும் கொஞ்சம்தான்" என்பீர்கள். அம்மா வெளியே போ என்று எனக்குச் சைகை காட்டுவார். ஜோகூரில் குளுவாங் பக்கத்து ரப்பர் தோட்டங்களுக்கு நீங்கள் இரண்டு முறை போய் அவர் வீட்டாரைத் தேடி விசாரித்ததையும் அம்மா சொல்லித்தான் அறிவேன். சண்டையில் சனங்கள் சிதறிப்போயிருந்தார்கள். யாருக்கும் யாரைப் பற்றியும் தெரியவில்லை.

அப்புறம் அந்த மதியம்.

எனக்கு இருபத்தாறு வயது. அம்மா போய்விட்டார். எனக்குக் கல்யாணமாகி, ஜாலான் புசாரில் இரும்புச் சாமான் கடைக்கு மேல் மாடியில் நீங்களும் எங்களோடு இருந்தீர்கள். ஒரு மாதமாக உங்களுக்கு வலப்பக்கம் செயலிழந்து படுக்கையில். வக்கீல் அலுவலகத்து வேலைக்கு லீவு போட்டுவிட்டு நான்தான் பார்த்துக்கொண்டேன். யாரோ மரப்படி ஏறி வரும் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தேன். நாற்பதை நெருங்கும் ஒரு பெண். ஊதாப் புடவை. செருப்பைக் கீழ்ப்படியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார், பாதமெல்லாம் செம்மண். கையில் துணிப்பை. பையிலிருந்து பலாப்பழ வாசனை.

"பொன்னுசாமி அண்ணன் வீடுங்களா?"

"நீங்க யாரு?"

"நான் அஞ்சலைம்மா. முத்தையா தங்கச்சி. குளுவாங் பக்கம் தோட்டத்துலேருந்து வரேன். எங்கண்ணனும் உங்கப்பாவும் ஒண்ணா சண்டைக்குப் போனவங்க. அதே சண்டையில இருந்த பெரியவர் ஒருத்தர் இப்ப எங்க தோட்டத்துக்கு வந்திருக்காரு. அவருதான் சொன்னாரு, எங்கண்ணன் கத்தி உங்கப்பாகிட்ட இருக்குன்னு."

கத்தி எனக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது. பெயரைக் கேட்ட நொடியிலேயே யார் வந்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, அப்பா. தெரிந்துதான் கேட்டேன்.

"அடையாளம் ஏதாவது தெரியுமா?"

"தெரியாம என்ன? நடு ஆணி மட்டும் இரும்பு. லீவுல ரெண்டு நாள் வீட்டுக்கு வந்திருந்தப்ப பிடி ஆடுதுன்னு சொல்லி, எங்க லயத்து வீட்டுக் கதவு ஆணியைப் புடுங்கித்தான் அடிச்சாரு. அன்னையிலேருந்து கதவு ஆடுது. 'வந்து வேற ஆணி அடிக்கிறேன், அதுவரைக்கும் கல்லை முட்டுக் குடு'ன்னு சொல்லிட்டுப் போனாரு." சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். "இன்னும் கல்லுதான்."

வருடா வருடம் நானே துடைத்துப் பொட்டு வைத்த ஆணி அது. இதற்குமேல் என்ன அடையாளம் வேண்டும்? நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"வாயால யார் வேணும்னாலும் என்ன வேணும்னாலும் சொல்லலாம். எழுத்துல கொண்டு வாங்க. தோட்டத்து மேனேஜர் கையெழுத்து, முத்திரை எல்லாம் வேணும்."

"எழுத்தா? எழுதத் தெரிஞ்சா கடுதாசி போட்டிருக்க மாட்டேனா, தங்கச்சி? இத்தனை படி ஏன் ஏறி வரேன்?"

"நான் உங்க தங்கச்சி இல்ல."

அவர் முகம் மாறவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. "சரிம்மா. அண்ணனையாவது ஒரு தரம் பாத்துட்டுப் போறேனே" என்றார்.

"அப்பா தூங்கறாங்க."

நீங்கள் தூங்கவில்லை. குழறிய குரலில் உள்ளேயிருந்து கேட்டீர்கள்: "தனம்... யாரும்மா?"

அந்தக் குரலை அவரும் கேட்டார். என்னைப் பார்த்தார். நான் வாசலை விட்டு நகரவில்லை. பையிலிருந்து வாழை இலையில் பொதிந்த பலாச்சுளைகளை எடுத்து என் கையில் வைத்தார். "அண்ணனுக்குக் குடும்மா. எங்க வாசல் மரத்துப் பழம். நான் எழுதி வாங்கிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். வேகமாக இறங்கவில்லை. கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும்.

நான் உள்ளே வந்தேன்.

"யாரும்மா வந்தது?"

"வீடு மாறி வந்துட்டாங்கப்பா."

சாயங்காலம் சுளையைச் சின்னச் சின்னதாக நறுக்கி ஊட்டினேன். "பலாப்பழம் ஏது?" என்று கேட்டீர்கள். கடையில் வாங்கினேன் என்றேன். கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் மென்றீர்கள். "தோட்டத்துப் பழம் மாதிரியே இருக்கு" என்றீர்கள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். பேருந்து நிலையத்துக்கு ஓடியிருக்கலாம். அவர் ஊர் போய்ச் சேர்ந்திருக்கவே மாட்டார். நான் தட்டைக் கழுவி வைத்தேன்.

பதினோரு நாள் கழித்து நீங்கள் போய்விட்டீர்கள். அதற்கு முந்தின நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒருத்தி வருவா, தனம்" என்றீர்கள்.

"வந்தா குடுத்திடறேன்பா."

என் கடிதங்களில் ஒரு புள்ளியைக்கூட விடாமல் திருத்திய நீங்கள், நான் சொன்ன அந்த ஒரு வரியை மட்டும் திருத்தாமல் விட்டுவிட்டீர்கள்.

ஏன் செய்தேன்? அலுவலகத்தில் எட்டு வருடம் பத்திரம் டைப் அடித்த கை, எழுத்தில் இல்லாததை நம்பாது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு பார்த்தேன். அது பொய். நீங்கள் படுக்கையில் இருந்த நேரத்தில் உங்கள் கத்தியையும் தூக்கிக் கொடுக்க மனம் வரவில்லை என்றும் சொல்லிப் பார்த்தேன். அதில் பாதி உண்மை இருக்கலாம். மீதி உண்மை இது: நான் மேடையேறிப் படித்து வாங்கிய பெருமைக்குச் சொந்தக்காரி, செம்மண் ஒட்டிய காலோடு வந்து நிற்பதை என்னால் தாங்க முடியவில்லை. அந்தக் கால்களைக் குனிந்து பார்த்த பிறகுதான் முத்திரை வேண்டும் என்று என் வாயில் வந்தது.

அவர் திரும்பி வரவில்லை. எழுதிக் கொடுக்க ஆள் கிடைக்கவில்லையா, இந்தப் பெண்ணிடம் மறுபடி போய் நிற்பதா என்று விட்டுவிட்டாரா, தெரியவில்லை. நான் ஓய்வு பெற்ற வருடம் டுரியான் சாப்பிடலாம் என்று பொய் சொல்லி உங்கள் மாப்பிள்ளையைக் குளுவாங் பக்கம் அழைத்துப் போனேன். ரப்பர் மரமே இல்லை. எங்கு பார்த்தாலும் எண்ணெய் எடுக்கும் செம்பனை. தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயம் இருந்த இடம் எது என்று சொல்லக்கூட ஆளில்லை. "டுரியானுக்கு இவ்வளவு தூரமா? கேலாங்கிலேயே நல்ல பழம் இருக்குமே" என்று வழியெல்லாம் முணுமுணுத்தார். அவரிடமும் சொல்லவில்லை. அவர் போய் ஆறு வருடமாகிறது. அங்கே உங்களிடம் டுரியான் கதையைச் சொல்லியிருந்தால், உண்மைக் காரணம் இதுதான் என்று அவருக்குச் சொல்லிவிடுங்கள்.

இப்போது உங்கள் பேரன் குமரன் வீட்டில், உட்லண்ட்ஸில் இருக்கிறேன். என் அறைச் சன்னலிலிருந்து பாலம் தெரிகிறது. அந்தப் பக்கம் ஜோகூர். காலையில் காப்பி குடித்துக்கொண்டே அதைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. வேறு அறை கேட்கலாம், கேட்கவில்லை.

இந்த வருடம் லிட்டில் இந்தியாவில் ஒரு மண்டபத்தில், பழைய குடும்பங்களின் பொருட்களைக் கண்காட்சியாக வைக்கிறோம் என்று வந்து கேட்டார்கள். குமரன் சரி என்றுவிட்டான். படிவத்தில் 'உரிமையாளர்' என்ற இடத்தில் 'பொன்னுசாமி குடும்பம்' என்று எழுதியது நான்தான், அப்பா. தயங்காமல், கான்வென்ட் எழுத்தில். இரண்டாவது முறையாகவும் அதையே செய்தேன்.

தொடக்க நாளில் போய்ப் பார்த்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் கத்தி. பக்கத்தில் உங்கள் படம். கீழே அட்டை: 'வீரர் பொன்னுசாமியின் போர்க்கத்தி. மூன்று தலைமுறையாகப் போற்றிக் காத்த குடும்பச் சொத்து.' கத்திக்கு அடியில் உங்கள் சாவிக்கொத்தையும் அழகுக்காக வைத்திருந்தார்கள். இரண்டும் ஒரே தட்டில். நீங்கள் ஒருநாளும் செய்யாத காரியம்.

பொறுப்பில் இருந்த பெண் ஷாமினி. நல்ல பிள்ளை, மரியாதை தெரிந்தவள். கூப்பிட்டுச் சொன்னேன், "அம்மாடி, இந்த அட்டையை மாத்தணும். இது எங்க கத்தி இல்ல. முத்தையான்னு ஒருத்தரோடது."

"அய்யோ ஆன்ட்டி, லேபல் எல்லாம் பிரிண்ட் ஆயிடுச்சு லா. இப்ப கெஸ்ட் எல்லாம் வந்துட்டாங்க."

"வந்தவங்க தப்பா படிச்சுட்டுப் போகணுமா?"

"இல்ல ஆன்ட்டி, மாத்தலாம். ஆனா கமிட்டி கேப்பாங்க. நீங்களே ஃபார்ம்ல வேற மாதிரி எழுதியிருக்கீங்க. அந்த முத்தையா பத்தி ஏதாச்சும் டாக்குமென்ட் இருக்கா? சும்மா வாயால சொன்னா போதாது. எழுத்துல ஏதாவது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சத்தமாகவே சிரித்துவிட்டேன்போலிருக்கிறது, நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நினைவு தடுமாறிவிட்டது என்ற பேச்சு அங்கேதான் புறப்பட்டிருக்க வேண்டும். ஷாமினியிடம் எனக்குக் கோபமில்லை. அவள் வேலையை அவள் பார்த்தாள். நான் கேட்டதைவிட நூறு மடங்கு பணிவாகக் கேட்டாள். ஆனால் அஞ்சலை நின்ற படியில் அன்றைக்கு நான் நின்றேன், அப்பா. கையில் உண்மையை வைத்துக்கொண்டு காகிதம் இல்லாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று அறுபது வருடம் கழித்துத் தெரிந்துகொண்டேன்.

பெட்டியைத் திறக்கச் சொல்லி, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, முறையாகத்தான் எடுத்து வந்தேன். பிடுங்கவில்லை.

வரும்போது காரில், சிலேத்தார் விரைவுச்சாலையில் ஏறின பிறகு குமரன் மெதுவாகச் சொன்னான், "தாத்தா பேரையே கெடுக்கறீங்களேம்மா."

"கெடுத்தது நான்தான், தாத்தா இல்ல. வீட்டுக்குப் போய்ச் சொல்றேன்" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் பேரன் எழுந்துபோய் எனக்குக் காப்பி போட்டுக்கொண்டு வந்தான். சர்க்கரை போட மறந்திருந்தான். குடித்துவிட்டேன்.

ஆயுத பூசை வந்து போயிற்று. குமரனின் கணினி, மருமகளின் தையல் கத்தரிக்கோல், என் பேனா எல்லாம் ஒரு தட்டில். கத்திக்குத் தனித்தட்டு. பொரிகடலையோடு இரண்டு பலாச்சுளையும் வைத்தேன். வேறென்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இந்தக் கடிதத்தை இந்த இதழுக்கு அனுப்பப் போகிறேன் என்றதும் குமரன் படித்துப் பார்த்தான். "அந்த ஆணி மேட்டரை மட்டும் எடுத்துடுங்கம்மா. அதைப் படிச்சுட்டு யார் வேணாலும் கிளெய்ம் பண்ணிட்டு வருவாங்க" என்றான். சரியாகத்தான் சொன்னான். வக்கீல் அலுவலகத்தில் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். ஆனால் எடுக்கவில்லை. உண்மையானவர் ஒருவரைப் பொய்யர் என்று அனுப்பியாயிற்று. இனி ஒரு பொய்யரை நம்பி நான் ஏமாந்தாலும் அது அதைவிடச் சின்னத் தப்புதான்.

உங்களுக்கு என் வாக்கு இது. கத்தி இனி எந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளும் நம் பெயரில் இருக்காது. உறையோடு ஓர் அட்டை கட்டியிருக்கிறேன், என் கையெழுத்தில்: 'முத்தையாவின் கத்தி. அவர் தங்கை அஞ்சலை வந்து கேட்டார். கொடுக்கவில்லை.' எனக்குப் பிறகு குமரன் அதை வைத்திருப்பான்; அட்டையையும் சேர்த்துத்தான். உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் கத்தியோடு ஒரு கிழவியை விடமாட்டார்கள் என்று எனக்கும் தெரியும். அதற்கு என்னென்ன அனுமதி வேண்டுமோ விசாரித்துக்கொண்டிருக்கிறேன். காகித வேலை நமக்குப் புதிதில்லையே.

அஞ்சலை அக்கா இருந்தால் நூறை நெருங்கிக்கொண்டிருப்பார். அவருடைய பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ இதைப் படிக்க நேர்ந்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. கையெழுத்தும் வேண்டாம், முத்திரையும் வேண்டாம். இந்த இதழின் முகவரிக்கு எழுதினால் என் கைக்கு வந்துவிடும். எழுத முடியாதவர்கள் என்றால் நேரே வாருங்கள். நீங்கள் சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன். எழுத முடிந்தவர்கள் ஒரு வரி எழுதினால் போதும். அந்தக் கதவுக்கு யாராவது வேறு ஆணி அடித்தார்களா, இல்லை கடைசிவரை கல்தானா என்று தயவுசெய்து எனக்கு எழுத்தில் பதில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பொன்னுசாமியின் மகள்,
அன்று 'உங்க தங்கச்சி இல்ல' என்று சொன்னவள், அஞ்சலையின் தங்கச்சி,
தனம்